குடற்புற்றுநோயும் மலப் பரிசோதனையும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இரத்தமும் நீரும் மலமும் சோதித்துச் சொல்லும் பரிசோதனைச் சாலைகள் இன்று வீதிக்கு ஒன்றாக ஏற்பட்டுவிட்டன. ஐம்பது வயதைக் கடந்த கனவான்கள் ஆண்டுக்கொரு முறை அங்கே சென்று, முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் ஒரு தொகையைச் செலுத்தி, ஒரு கட்டுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்தக் கட்டிலே, பலர் படியாமலே புரட்டிவிடும் சீட்டு ஒன்று இருப்பதுண்டு. ‘மலத்தில் மறைந்த இரத்தம்: இல்லை’ என்றோ ‘உண்டு’ என்றோ ஒரே சொல்லில் அது முடிந்துவிடுகிறது. இல்லை என்று கண்டவர், குடற்புற்றுநோய் தமக்கில்லை என்று நிம்மதி அடைகிறார். உண்டு என்று கண்டவர், மூலமாக இருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அல்லது கலங்கி உறக்கம் இழக்கிறார். இவ்விருவரும் அச்சீட்டின் பொருளை அறிந்தவர்கள் அல்லர் என்பது நமது அபிப்பிராயம். அந்த ஒரு சொல்லுக்கு உள்ள மதிப்பு எவ்வளவு, அம்மதிப்பு எதனாற் கூடுகிறது, எதனாற் குறைகிறது என்பதை நேயர்களுக்கு இன்று எடுத்துக்கூற விரும்புகிறோம்.

மலத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் சிலர் இருக்கக்கூடும். 1901-ஆம் ஆண்டு கல்கத்தா காங்கிரஸிற்குச் சென்ற காந்தியடிகள், அங்கே கக்கூஸ்கள் கிடந்த நிலையைக் கண்டு தாமே துடைப்பத்தை எடுத்துச் சுத்தம் செய்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினாற் போதும். வெட்கத்தினால் மறைக்கப்படும் நோய், வெட்கத்தினாலேயே வளர்கிறது. குடற்புற்றுநோய் அத்தகையது.

இந்நோய் ஒரு நாளில் வந்துவிடுவதன்று. பெரும்பாலும் பெருங்குடலின் உட்சுவரிலோ மலக்குடலிலோ ‘பாலிப்’ எனப்படும் சிறிய சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பத்தாண்டு காலம் வரையிலும்கூட மெல்ல மெல்லப் பருத்துப் புற்றாக மாறுகிறது. வளரும்போது அது அவ்வப்பொழுது சிறிது இரத்தம் கசிகிறது. அக்கசிவு கண்ணுக்குத் தெரியாது. மலத்தோடு கலந்து மறைந்து போகிறது. அந்த மறைந்த இரத்தத்தைக் கண்டுபிடித்தால் நோயை அதன் இளம்பருவத்திலேயே பிடித்துவிடலாம் என்பதே மலப் பரிசோதனையின் அடிப்படை. 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 19 லட்சம் பேரை இந்நோய் புதிதாகப் பற்றியது; 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நமது நாட்டில் இது குறைவே. ஆயினும் இங்கே நோயாளிகளிற் பலர் முற்றிய நிலையிலேயே வைத்தியரிடம் வருகிறார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மலக்குடலில் தோன்றும் புற்றின் பங்கும் அதிகம்.

இந்நோய்க்கும் சென்னை மாநகருக்கும் உள்ள தொடர்பு சிறியதன்று. புதுக்கோட்டையிற் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராக விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை, இளம் வயதிலேயே மலக்குடற் புற்றினால் மாண்டார். அந்தத் துயரமே அம்மையாரின் உள்ளத்தில் ஒரு சங்கற்பமாக மாறிற்று. இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு அவர் அரும்பாடுபட்டதன் பயனாக, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஸ்தாபனம் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் காலமான டாக்டர் சாந்தா அம்மையாரும் அதை நாடறிந்த ஸ்தாபனமாக வளர்த்தனர். சென்னை நகரவாசிகளில் எவரெவரை எந்தப் புற்று எந்த வயதிற் பற்றுகிறது என்று பதிவு செய்யும் கணக்கு ஒன்றும் 1981-இல் ஏற்படுத்தப்பட்டு அங்கேயே நடைபெற்று வருகிறது. இந்தக் கணக்கின் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இனிப் பரிசோதனைகளைப் பார்ப்போம். இவற்றில் மூத்தது குவாயக் என்னும் மரப் பிசினைக் கொண்டு செய்வது. பிசின் தடவிய அட்டையில் சிறிது மலத்தைப் பூசி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், இரத்தம் இருக்குமிடம் நீலமாக மாறும். செலவு மிகக் குறைவு, குறை இரண்டு. இரத்தத்தின் செந்நிறப் பொருள் எதுவாயினும் இந்தப் பிசின் நிறம் மாறிவிடும். அது மனிதருடையதா, உண்ட ஆட்டிறைச்சியினுடையதா என்று பிரித்தறியாது. பச்சை முள்ளங்கி போன்ற சில காய்களும் அதை ஏமாற்றும். சி வைட்டமின் மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்டாலோ, இரத்தம் இருந்தும் நிறம் தோன்றாமற் போகும். நமது தேசத்துக்கே உரிய கஷ்டம் ஒன்றும் உண்டு. கொக்கிப்புழு சிறுகுடலிற் கடிப்பதனால் கசியும் இரத்தமும் இந்த அட்டையை நீலமாக்கிவிடும்.

குறைகள் இருப்பினும் இந்த எளிய அட்டை உயிர்களைக் காத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் 46,551 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1993-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம், சோதிக்கப்படாதவர்களைவிட நூற்றுக்கு 33 வீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமிலும் டென்மார்க்கில் ஃபூனன் தீவிலும் இரண்டாண்டுக்கு ஒரு முறை சோதித்து நடத்திய ஆராய்ச்சிகள் 1996-இல் பிரசுரமாயின. அவற்றிற் கண்ட குறைவு முறையே 15 வீதமும் 18 வீதமும் ஆகும். மின்னஸோட்டாவில் மட்டும் பலன் இரட்டிப்பானது ஏன்? அங்கே ஆண்டுதோறும் சோதித்தார்கள். அதோடு, அட்டையில் நீர் தெளித்துச் சோதித்தமையால் ‘உண்டு’ என்ற விடை பல மடங்கு பெருகிற்று. ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்கள், பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிப் பரிசோதனைக்கு ஒரு முறையேனும் உள்ளானார்கள். ஆகவே உயிரைக் காத்தது அட்டை மாத்திரமன்று. அட்டைக்குப் பின் தொடர்ந்து செய்த காரியமே என்பதை நேயர்கள் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை, மனித இரத்தத்தின் குளோபின் என்னும் புரதத்தை மட்டும் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்வது. சுருக்கமாக ‘ஃபிட்’ என்பார்கள். இதற்குப் பத்தியம் வேண்டியதில்லை. ஆட்டிறைச்சியும் முள்ளங்கியும் இதை ஏமாற்றா. இரைப்பையிலும் சிறுகுடலிலும் கசியும் இரத்தத்தின் குளோபின் வழியிலேயே பெரும்பாலும் ஜீரணமாகிவிடுவதால், கொக்கிப்புழுவினால் நேரும் குழப்பமும் குறைவு. ஜப்பான் தேசம் 1992 முதல் இம்முறையைப் பொதுஜனங்களிடையே கையாண்டு வருகிறது. இங்கிலாந்தும் 2019-இல் குவாயக் அட்டையைக் கைவிட்டு இதற்கு மாறிற்று.

ஆனால் ஃபிட் பரிசோதனையின் உண்மையான விடை ‘உண்டு’, ‘இல்லை’ என்பதன்று. ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற எண்ணே அதன் விடை. எந்த எண்ணுக்கு மேற்போனால் ‘உண்டு’ என்று சொல்வது என்பதை மனிதர்களே நிர்ணயிக்கிறார்கள். 2019-இல் தொடங்கியபோது இங்கிலாந்து 120 என்று வைத்தது. அடுத்துள்ள ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது. வயிற்றுக் கோளாறுகளோடு வைத்தியரிடம் வருவோருக்கு பிரிட்டனில் கொள்ளும் எண்ணோ 10 தான். ஹாலந்து தேசம் 2014-இல் 15 என்று தொடங்கி, எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்களுக்கு ‘உண்டு’ என்று விடை வந்ததைக் கண்டு, அதே ஆண்டில் அதை 47 ஆக உயர்த்திற்று. ஒரே மனிதரின் ஒரே மலம், ஓரிடத்தில் நோயாளியினுடையதாகவும் மற்றோரிடத்தில் சுகதேகியினுடையதாகவும் கருதப்படும் என்றால், எல்லையைக் குறிப்பிடாமல் ‘இல்லை’ என்று மட்டும் அச்சிட்ட சீட்டுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

மூன்றாவது முறை, மலத்தில் உதிரும் குடலணுக்களின் மரபுப் பொருளையும் சேர்த்துச் சோதிப்பது. அமெரிக்காவில் 2014-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாயிருந்த ஆராய்ச்சி, ஒரு பரிசோதனையை எவ்வாறு பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணமாகும். அதில் 9,989 பேருக்கு மலப் பரிசோதனைகளோடு கொலோனோஸ்கோப்பியும் செய்தார்கள். மலத்தில் ‘உண்டு’ என்று வந்தவர்களுக்கு மட்டும் அவ்வாறு செய்திருந்தால், பரிசோதனை தவறவிட்ட நோயாளிகள் எவர் என்பதே தெரியாமற் போயிருக்கும். அவர்களுள் 65 பேருக்குப் புற்று இருந்தது. மரபுப் பொருட் பரிசோதனை 60 பேரையும், ஃபிட் 48 பேரையும் கண்டுபிடித்தன. 92 வீதம் எங்கே, 74 வீதம் எங்கே என்று வியாபாரிகள் முழங்குவதற்கு இது போதும். ஆனால் புற்றோ முற்றிய சதை வளர்ச்சியோ இல்லாதவர்களிடம் தவறாக ‘உண்டு’ என்று சொன்னது, முன்னதில் நூற்றுக்கு 13 பேர். ஃபிட்டில் ஐந்து பேர்.

இந்த இரண்டு எண்களையும் நமது நகரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்க ஆராய்ச்சியில் பதினாயிரம் பேரில் 65 பேருக்கு நோய் இருந்தது. நம்மிடையே அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 13 பேருக்கு நோய் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அங்கே ஃபிட் 48 நோயாளிகளைப் பிடித்தது. தவறாகப் பிடித்தவர்கள் சுமார் 500 பேர். அதாவது, ‘உண்டு’ என்று வந்தவர்களில் பதினொருவர் அல்லது பன்னிருவருக்கு ஒருவர் மெய்யான நோயாளி. இங்கே அதே பரிசோதனை சுமார் 10 நோயாளிகளைப் பிடிக்கும்; தவறாகப் பிடிபடுவோர் மட்டும் குறையமாட்டார்கள்; அவர்கள் அதே 500 பேர்தான். ஆகவே ஐம்பது பேருக்கு ஒருவரே நோயாளி. மரபுப் பொருட் பரிசோதனையிலோ நூறு பேருக்கு மேல் சோதித்தால்தான் ஒருவர் அகப்படுவார். பரிசோதனை மாறவில்லை, அதன் நுட்பமும் மாறவில்லை, சோதிக்கப்படும் ஜனங்கள் மாறினார்கள், சீட்டின் பொருளும் மாறிவிட்டது. தவறாகப் பிடிபட்டவர்களிற் சிலருக்குப் பாலிப் இருந்து, அதை நீக்குவதால் நன்மை விளையலாம் என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும், மேல்நாட்டு நூற்று வீதங்களை அப்படியே அச்சிட்டு இந்நகரில் விளம்பரம் செய்வது ஜனங்களை மயக்குவதாகும் என்பது தெளிவு.

இந்த ஐம்பது பேரையும் யார் பார்ப்பது? கொலோனோஸ்கோப்பிக்கு முதல் நாள் பேதி மருந்துண்டு குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பயின்ற வைத்தியரும் கருவியும் வேண்டும். அருமையாகவேனும் குடலில் துவாரம் ஏற்படும் அபாயமும் உண்டு. மலத்தைச் சோதித்துவிட்டு இந்த இரண்டாம் படியை ஏற்பாடு செய்யாமல் விடுவது, வீட்டில் தீப்பற்றிற்று என்று கூவிவிட்டுத் தண்ணீர் கொண்டுவராமல் போவதற்கு ஒப்பாகும். முந்நூறு ரூபாயிலோ ஐந்நூறு ரூபாயிலோ பரிசோதனை முடிந்துவிடுகிறது என்று எண்ணும் ஏழைக் குடும்பத்தினர், அடுத்த படிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பதைச் சீட்டு வந்த பிறகே அறிகிறார்கள். இது நியாயமாகாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிட் பரிசோதனைக்குரிய குப்பியில் எடுத்த மலத்திலுள்ள ஹீமோகுளோபின் சூட்டிலே சிதைந்து போகும். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பிரதேசத்தில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், குளிர்காலத்தைவிடக் கோடையில் ‘உண்டு’ என்ற விடை கிடைப்பது நூற்றுக்கு 17 வீதம் குறைவாக இருந்தது. இத்தாலியின் கோடைக்கே இவ்வளவு என்றால், நமது கத்திரி வெயிலை என்னென்பது! காலையில் எடுத்த குப்பி, ஆள் வந்து வாங்கிச் செல்லும் வரையில் ஜன்னலோரத்தில் இருந்து, பிறகு மோட்டார் சைக்கிள் பெட்டியில் நகரைச் சுற்றி, மாலையிலே பரிசோதனைச் சாலையை அடையுமாயின், ‘இல்லை’ என்ற விடை நோயின்மையைக் குறிக்கிறதா, வெயிலைக் குறிக்கிறதா? சாதனத்தைக் கப்பலில் தருவித்துவிடலாம். அதன் நம்பகத்தை நமது சீதோஷ்ணத்தில் நாமே சோதித்துக்கொண்டாலொழிய அது நமக்கு உரியதாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. இதுகாறும் சொன்னவை யாவும், வெளிப்படையான நோய்க்குறி இல்லாதவர்களைப் பற்றியவை. மலத்தில் கண்ணுக்குத் தெரிய இரத்தம் போகிறவர், பல வாரங்களாக மலம் கழியும் வழக்கம் மாறியவர், காரணமின்றி உடல் மெலிந்தவர், ஆண்மக்களாயிருந்தும் இரத்தசோகை கண்டவர் ஆகியோர் ‘இல்லை’ என்று வந்த ஒரு சீட்டைக் காட்டித் திருப்தியடையலாகாது. புற்றிலிருந்து தினந்தோறும் இரத்தம் கசிவதில்லை. மேற்கூறிய ஆராய்ச்சியில் நான்கு நோயாளிகளில் ஒருவரை ஃபிட் தவறவிட்டது. நமது ஊரில் ஆசனவாயில் இரத்தம் என்றால் மூலம், அதோடு சீதமும் போனால் சீதபேதி என்று தாமே தீர்மானித்து, மாதக்கணக்கில் களிம்பும் லேகியமும் உபயோகிக்கும் வழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்ற விதி எங்கும் இல்லை. மலக்குடற் புற்றுகளில் பலவற்றை வைத்தியர் கையுறையணிந்து விரலால் தடவிப் பார்த்தே அறிந்துவிடலாம். அதற்கு யந்திரம் வேண்டாம். இரண்டு நிமிஷம் போதும். அதைச் செய்ய நோயாளி கூசுகிறார். அவருடைய கூச்சத்தைக் கண்டு வைத்தியரும் தயங்குகிறார். இந்த இருவர் கூச்சமும் சேர்ந்து பறிக்கும் உயிர்களை எந்தப் பரிசோதனைச் சாலையாலும் மீட்க முடியாது.

இனிச் செய்ய வேண்டுவது என்ன? நம் நாட்டில் நோய் குறைவுதானே, பரிசோதனையே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நாளைக்கே ஐம்பது வயதான அனைவருக்கும் குப்பி வழங்குக என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. மத்திய சர்க்கார் 2016-இல் வகுத்த முறையில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே பொதுப் பரிசோதனை விதிக்கப்பட்டது. அம்மூன்றுக்கும் முதலிடம் தந்தது சரியே. கருப்பைவாய்ப் புற்று விஷயத்தில், அமிலம் தடவிக் கண்ணாற் பார்க்கும் எளிய முறையைத் திண்டுக்கல் ஜில்லாவிலேயே சோதித்துப் பார்த்து, ஒரே ஒரு முறை சோதித்ததால் அந்நோயின் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்தது என்று 2007-இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். நமது மண்ணில், நமது ஜனங்களிடையே, நமக்குக் கட்டுப்படியாகும் முறையைச் சோதித்து முடிவு காணும் திறமை நமக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

அதே வழியைக் குடற்புற்றுக்கும் கைக்கொள்ள வேண்டும் என்பதே நமது யோசனை. சென்னையில் சில வட்டங்களைத் தேர்ந்து, கோடையிலும் மழைக்காலத்திலும் ஃபிட் பரிசோதனையை நடத்துக. ‘உண்டு’ என்று வந்த ஒவ்வொருவருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொலோனோஸ்கோப்பி செய்விப்பதாக முன்கூட்டியே உறுதி கூறுக. ‘இல்லை’ என்று வந்தவர்களிலும், இசைவோர் சிலருக்கு அவ்வாறே செய்து பார்க்குக. பிறகு அவ்வட்டத்தாரின் பெயர்களை அடையாற்றுக் கணக்கோடு ஆண்டுதோறும் ஒப்பிட்டு, தப்பிய நோயாளிகள் எத்தனை பேர் என்று காண்க. நமக்குரிய எல்லை 10-ஆ, 20-ஆ, 80-ஆ என்பது அப்பொழுது தானே விளங்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் மூலம் வீட்டு வாயிலுக்கே சென்று பழகிய ஊழியர்கள் இந்த மாகாணத்தில் இருக்கிறார்கள். பதிவுக் கணக்கும் இருக்கிறது. இவற்றை இணைக்கும் மனமே வேண்டும்.

தனியார் பரிசோதனைச் சாலைகளும் தங்கள் கடமையைச் செய்ய வேண்டும். எந்த முறையிற் சோதித்தோம், கண்ட எண் என்ன, கொண்ட எல்லை எது, மலம் எடுத்தது எப்பொழுது, சோதித்தது எப்பொழுது என்ற ஐந்து விவரங்களையும் சீட்டில் அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. அவர்கள் தாமாக அச்சிடாவிடின் சர்க்கார் கட்டாயப்படுத்துவது முறையே. இந்த ஐந்தையும் கேட்டு வாங்குவது சீட்டுப் பெறுவோரின் உரிமையாகும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருப்பின், சீட்டை நம்பிக் காத்திராமல் நேரே வைத்தியரின் யோசனையைப் பெறுவது அவசியம்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் நகரசபையில் வாதாடும் நீங்கள், இந்த விஷயத்தையும் வட்டக் கூட்டங்களில் கூசாமல் எடுத்துப் பேசுங்கள். நடமாடும் பரிசோதனை முகாம் எதுவாயினும், திறப்பு விழா நடத்துவதற்கு முன், ‘உண்டு’ என்று வந்தவர்களை எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரியாத முகாமை அனுமதிக்க வேண்டாம். தங்கையை இழந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, அத்துயரத்தை ஓர் ஆஸ்பத்திரியாக மாற்றிக் காட்டிய நகரம் இது. அந்நகரத்தார் ஒரு சீட்டில் அச்சிட்ட ஒற்றைச் சொல்லோடு திருப்தியடைந்துவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறோம்.